மடியில் ஏந்திய சத்தியம்

உள்ளறையில் மணி கிணுகிணுத்தது. அது நின்றதும், உள்ளங்கையால் பித்தளைத் தாம்பாளத்தை ஓங்கி அடிக்கிற சத்தம். அதன்பின் ஒரு பெண்குரல் எதையோ முணுமுணுத்தது. மறுபடி மணி. மறுபடி அடி. மறுபடி வேறொரு குரல்.

கூடத்தில் துணிமூட்டையைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்த சொர்ணம்மாள், கையிலெடுத்த பாலராமபுரத்துச் சேலையை விரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு காது கொடுத்தாள்.

"உள்ளே என்ன ஆச்சி, பூசையா?"

பிச்சம்மாள் ஆச்சி சேலையின் கரையை விரலால் நெருடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பழவங்காடியில் அரிசி மண்டி வைத்திருக்கும் கோலப்பன் முதலாளியின் மனைவி அவள். நிமிராமலே சிரித்தாள்.

"பூசைதான். வோட்டுப் பூசை. நம்ம வரிசை வீட்டுப் பொம்பிளைகளெல்லாம் கற்பூரத்தில அடிச்சுச் சத்தியம் பண்ணுதாளுக, ஏணிச் சின்னம் ஒட்டின பெட்டியிலதான் சீட்டைப் போடுவோம்னு. நீதான் தெருத்தெருவா வோட்டு வோட்டுன்னு தகரப்பெட்டியைத் தூக்கிட்டு நடக்கியே, உனக்குச் சந்தோஷமில்லியா?"

"வோட்டுப் போடச் சொல்லுதது சந்தோஷம்தான் ஆச்சி. சத்தியம் எதுக்கு?"

"பின்னே? சோறு தின்ன வீட்டை மறக்கப்பிடாதில்லா. ஏணியில நிக்கது யாரு? முதலாளிக்கு மச்சினன் முறையாக்கும். சத்தியம் பண்ணலேன்னா இவளுக உள்ளே போய் எந்தப் பெட்டியில போடுதாளுகன்னு நமக்கெப்படித் தெரியும்?"

"தெரியப்பிடாதுன்னுதானே ஆச்சி திரைச்சீலை கட்டுதான்."

ஆச்சியின் விரல் சேலைக் கரையில் நின்றது. "இந்தக் கரை எனக்குப் பிடிக்கல்ல. மடிச்சு வை" என்றாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. மண்டியை ஒட்டிய வரிசை வீடுகளில் குடியிருக்கும் பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். எல்லோருடைய வலது உள்ளங்கையிலும் கற்பூரக் கரி. கடைசியாக வந்தவள் சிவகாமி. மண்டியில் கணக்கெழுதும் பிச்சையாவின் மனைவி. இடுப்பில் அவளுடைய ஒற்றைப் பிள்ளை. நாலு வயதாகியும் நடக்கத் தெம்பில்லாமல் தாயின் தோளிலேயே கிடக்கும் நோஞ்சான். சொர்ணம்மாளைப் பார்த்ததும் சிவகாமி கரிபட்ட கையைப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அந்தக் கரி தன் வீடுவரைக்கும் வரும் என்று அன்றைக்குச் சொர்ணம்மாள் நினைக்கவில்லை.

சொர்ணம்மாளைத் திருவனந்தபுரத்தில் தெரியாத அடுப்படி குறைவு. கோட்டைக்குள்ளும் கரமனையிலும் சாலைக் கடைவீதியின் சந்துகளிலும் 'மூட்டைச் சொர்ணம்' என்றால் கதவு திறக்கும். பூதப்பாண்டிப் பக்கத்துப் பெண். பதினாறு வயதில் தாலி கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தவள். இருபத்தைந்தில் அதைக் கழற்றி வைத்தவள். கையில் மூன்று வயது மகள் சரோஜம். பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போனால் அண்ணிமாரின் முகத்தைப் பார்த்துத்தான் உலையில் அரிசி போடவேண்டும் என்று தெரிந்து, இங்கேயே நின்றுவிட்டாள். பாலராமபுரத்து நெசவாளிகளிடம் துணி எடுத்துத் தலையில் சுமந்து விற்றாள். வெயிலிலும் மழையிலும் அந்த மூட்டை அவள் தலையை விட்டு இறங்கவில்லை. மகளைப் பத்துவரை படிக்கவைத்தாள். போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் குமஸ்தாவாக இருந்த வேலாயுதனுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தாள். அந்தக் கல்யாணத்தன்று பந்தலில் அழாமல், எல்லோரும் சாப்பிட்டுப் போனபிறகு காலி அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் அழுதாளே, அந்த அழுகை யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவள் தேர்தல் வேலைக்கு வந்தது சீதாலக்ஷ்மி டீச்சரால். கோட்டைக்குள் பெண்கள் சங்கம் ஒன்றை நடத்திவந்த டீச்சர், துணி வாங்குகிற சாக்கில் ஒருநாள் அவளை உட்காரவைத்தார்.

"சொர்ணம், நான் போய் வாசல்ல நின்னா, ஆம்படையான் இல்லை, அப்புறம் வாங்கோன்னு கதவைச் சாத்திடறா. நீ சமையலுள் வரைக்கும் போறவள். தேசத்துக்கே முதல் தேர்தல் இது. போன தடவை இங்கே சமஸ்தானத்துல மட்டும் நடந்தப்போ நம்ம பொம்மனாட்டிகள் பாதிப்பேர் வாசப்படி தாண்டலை. இந்தத் தடவையாவது வரவேண்டாமா?"

"எனக்கு என்ன தெரியும் டீச்சர்? நான் சேலை விக்குதவ."

"சேலையை எப்படி விக்கறே? நாலையும் விரிச்சுக் காட்டறே. எது வேணும்னு அவாளே எடுத்துக்கறா. அதே மாதிரிதான்."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளே மூன்று பிஸ்கட் டின்களை வாங்கி, மூடியில் கத்தியால் கீறல் போட்டாள். கட்சிக்காரர்களின் படம் எதுவும் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததால் ஒன்றில் மாம்பழம், ஒன்றில் செம்பு, ஒன்றில் குடை என்று, பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்த சரோஜத்தை வரையச் சொல்லி ஒட்டிக்கொண்டாள். சேலை மூட்டைக்கு மேலே டின்கள் கலகலக்க அவள் சந்துக்குள் நுழையும்போது, ஐஸ்காரன் வந்துவிட்டானென்று குழந்தைகள் ஓடிவருவதும் உண்டு.

அடுப்படியில் டின்களை வரிசையாக வைத்து, கையில் ஒரு துண்டுக் காகிதம் கொடுப்பாள். டெல்லிக்கு ஒரு சீட்டு, இங்கத்திய சபைக்கு ஒரு சீட்டு. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனிப் பெட்டி. பிடித்த ஆளின் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான். ஒருத்தி சீட்டோடு வெற்றிலை பாக்கையும் சேர்த்துத் திணித்தாள். ஒருத்தி மூன்று டின்னையும் வலம் வந்து கும்பிட்டாள். கிழவி ஒருத்தி காகிதத்தை மூன்றாகக் கிழித்து மூன்றிலும் போட்டுவிட்டு, "யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம்" என்றாள்.

"மாம்பழத்துக்குப் போடட்டா, செம்புக்குப் போடட்டா? நீயே சொல்லிரு அக்கா" என்று கேட்பவர்களிடம் மட்டும் சொர்ணம்மாளின் குரல் மாறும்.

"அதை நான் சொல்லப்பிடாது. உனக்க புருஷனும் சொல்லப்பிடாது. நம்ம வீட்டு அரிசிப்பானையை நினைச்சுக்கோ. பஞ்சத்தில யாரு எப்படி நடந்தான்னு நினைச்சுக்கோ. உனக்குத் தோணுன ஆளுக்குப் போடு. போட்டுட்டு வெளியே வந்து யாருக்குப் போட்டேன்னு சொல்லாதே. யாராவது கேட்டா, கேக்கப்பிடாதுன்னு சொல்லு. நானே கேட்டாலும் சொல்லாதே."

'நானே கேட்டாலும் சொல்லாதே.' எத்தனை அடுப்படியில் இதைச் சொல்லியிருப்பாளோ.

கற்பூரச் சத்தியம் நடந்த மறுநாள் மத்தியானம் சிவகாமி அவள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். உள்ளே, ஏழாம் மாதத்துக்கு அழைத்து வந்திருந்த சரோஜம் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நடு அறைக்கும் உள்ளுக்கும் நடுவே ஒரு துணித்திரைதான்.

சிவகாமி உட்காரவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"அக்கா, நீங்க அரிசிப்பானையை நினைச்சுக்கோன்னு சொன்னியளே. நினைச்சேன். அதான் உறக்கம் வரல்ல."

"என்ன நினைச்சே?"

"அரிசிப் பஞ்சத்தில எனக்கு மூத்தது ஒண்ணு இருந்தது தெரியுமில்லா. வேகாத மரச்சீனிக் கிழங்கைத் தின்னு வயத்தால போயிச் செத்தது. அப்போ மண்டிக்குப் பின்னால மூட்டை மூட்டையா அரிசி அடுக்கியிருந்தது. அவரு கணக்கெழுதுன கையோட வீட்டுக்கு வந்து மரச்சீனி தின்னாரு. ஒரு படி அரிசி கேட்டதுக்கு முதலாளி, இல்லைன்னு சொன்னாரு அக்கா. இருந்தும் இல்லைன்னு சொன்னாரு. அந்தப் பதுக்கலுக்குக் கூட்டு நின்ன ஆளுதான் இப்போ ஏணியில நிக்கது. அவனுக்கு எனக்க கையால எப்படிப் போடுவேன்?"

"போடாதே."

"சத்தியம் பண்ணிட்டேனே." என்றாள் சிவகாமி. "ஆச்சி சொல்லிவச்சபடி உள்ளே எனக்க பிள்ளைக்க தலையில ஒரு கையை வைக்கச் சொன்னாங்க. மறுகையால கற்பூரத்தை அடிக்கச் சொன்னாங்க. ஏணியில போடலேன்னா இந்தப் பிள்ளைக்கு ஆகாதுன்னு எனக்க வாயாலேயே சொல்லவச்சாங்க. அவன் ஏற்கெனவே காத்துக்கு ஆடுத திரி மாதிரி இருக்கான். திரைச்சீலைக்குப் பின்னால முதலாளி பாக்கமாட்டாரு. சரி. சாமி பாக்காதா?"

சொர்ணம்மாள் என்ன சொல்லியிருக்கலாம்? வற்புறுத்தி வாங்கின சத்தியம் செல்லாது என்று சொல்லியிருக்கலாம். சொன்னாள். சிவகாமி தலையை ஆட்டினாள், நம்பவில்லை. டீச்சரிடம் அழைத்துப் போகிறேன் என்றாள். டீச்சருக்குப் பிள்ளை கிடையாது அக்கா, என்று பதில் வந்தது.

அப்போதுதான் சொர்ணம்மாள் அதைச் செய்தாள். தென்பக்கத்துப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தாங்கமுடியாத சத்தியத்தையோ நேர்ச்சையையோ இன்னொருத்தி ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், கிழக்கே பார்த்து உட்கார்ந்து முந்தானையை விரித்து மடியில் ஏந்தவேண்டும். கொடுக்கிறவள் ஒரு பிடி அரிசியை அந்த மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடவேண்டும். நன்மையோ தீமையோ, அதற்குப்பின் அது ஏந்தினவளுடையது.

சொர்ணம்மாள் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையை விரித்தாள்.

"போடு சிவகாமி. உனக்க சத்தியத்தை எனக்க மடியில போடு. அதில என்ன கேடு இருந்தாலும் இந்த மடிக்கு வரட்டும். உனக்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. நீ மனசுக்குத் தோணுனபடி வோட்டுப் போடு."

"அக்கா, வேண்டாம் அக்கா."

"போடுங்கேன்."

அடுப்படிப் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியை அள்ளிவந்து, அந்த மடியில் போட்டாள் சிவகாமி. அழுதுகொண்டே, திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனாள்.

உள்ளே பாயில் ஒரு அசைவு. சரோஜம் விழித்துத்தான் இருந்தாள்.

"என்னம்மா பண்ணினே?"

"ஒண்ணுமில்ல மக்களே. அவளுக்கு ஒரு தைரியத்துக்காக."

"மடி ஏந்தினியா?"

"அதெல்லாம் சும்மா. இதையெல்லாமா நாம நம்புதோம்? நீ படுத்துக்கோ."

மகள் படுக்கவில்லை. பெரிய வயிற்றின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அம்மா முந்தானையை உதறி அரிசியை முறத்தில் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தேர்தலன்று சொர்ணம்மாள் விடிவதற்குள் குளித்துவிட்டாள். மூட்டையில்லாமல் அவள் தெருவில் நடந்ததை அன்றைக்குத்தான் பலபேர் பார்த்தார்கள். அடுப்படி அடுப்படியாகக் கூப்பிட்டுச் சேர்த்து, கல்யாண வீட்டுக்குப் போவதுபோலப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போனாள். வாக்குச்சாவடியில் பெண்களின் வரிசை மதில்வரைக்கும் வளைந்திருந்தது. மூன்றாகக் கிழித்த கிழவியும் வந்திருந்தாள். "இன்னைக்குக் கிழிக்கப்பிடாது ஆத்தா" என்று சொர்ணம்மாள் சொல்ல, "எனக்கு அவ்வளவு புத்தி இல்லேன்னா நினைச்சே? ஒரே ஆளுக்குத்தான். அவன் யாருன்னு கேளு பாப்போம்" என்றாள் கிழவி. வரிசையே சிரித்தது. சொர்ணம்மாளின் வாழ்க்கையில் நல்ல நாட்கள் சிலவே. அது அவற்றில் ஒன்று.

சிவகாமியும் வந்தாள். பிள்ளையை வரிசையில் நின்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவள் வெளியே வர நேரமாயிற்று. வந்தபோது மைவைத்த விரலைச் சேலைக்குள் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, சொர்ணம்மாள் நின்ற பக்கம் பார்க்காமலே, பிள்ளையை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள். பயந்திருக்கிறாள் பாவம், என்று சொர்ணம்மாள் நினைத்தாள். பயந்தும் செய்துவிட்டாளே என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கேட்கவில்லை. கேட்கக்கூடாதென்று ஊருக்கெல்லாம் சொன்னவள் எப்படிக் கேட்பாள்?

பெட்டிகளை எண்ணியபோது ஏணிக்காரர் தோற்றுப்போனார். கோலப்பன் முதலாளியின் வீட்டில் இரண்டு நாள் யாரும் உரக்கப் பேசவில்லை என்றார்கள். சொர்ணம்மாளுக்கு அந்த வீட்டு வாசல் அத்தோடு அடைபட்டது. "கற்பூரத்தை ஏமாத்தினவளுகளும் அதுக்குச் சொல்லிக்கொடுத்தவளும் சுகமா இருந்துருவாளுகளா, பாக்கத்தானே போறேன்" என்று பிச்சம்மாள் ஆச்சி யாரிடமோ சொன்னது, சொன்ன வேகத்திலேயே சொர்ணம்மாளின் காதுக்கும் வந்தது. அவள் சிரித்தாள். சரோஜம் சிரிக்கவில்லை.

மாசி மாதம் ஆண்பிள்ளை பிறந்தது. தலைகொள்ளாத முடி. அழும்போது தாடையில் ஒரு குழி விழும். அது சொர்ணம்மாளின் செத்துப்போன புருஷனுடைய குழி. சொர்ணம்மாள் துணி விற்கப் போவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். பிஸ்கட் டின் ஒன்றில் புளியங்கொட்டைகளைப் போட்டுக் கிலுகிலுவென்று ஆட்டினால் பேரன் அழுகையை நிறுத்துவான். மாம்பழம் ஒட்டின டின் அது.

ஆடி அமாவாசைக்கு, செத்துப்போன தகப்பனாருக்குப் பலித் தர்ப்பணம் செய்ய வேலாயுதன் மலையிலிருந்து இறங்கி வந்தான். சங்குமுகம் கடற்கரைக்குத் தானும் வருவேன் என்றாள் சரோஜம். பிள்ளைக்குக் கடலைக் காட்டவேண்டும் என்றாள்.

"வானம் கறுத்துக் கெடக்கு மக்களே. பிள்ளையை எங்கிட்ட விட்டுட்டுப் போ."

"நீ எதுக்கெடுத்தாலும் இப்படித்தான். ஊர்ப் பிள்ளைகளெல்லாம் போகல்லியா?"

கடற்கரையில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடமில்லை. முந்தானையால் பிள்ளையைப் போர்த்திக்கொண்டு தாய் நனைந்து வந்தாள்; முந்தானையும் நனைந்துதான் இருந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல். அதன் மேல் ஜன்னி. பெரியாஸ்பத்திரிக்கு வண்டியில் கொண்டுபோகும்போது, சொர்ணம்மாளின் மடியில், ஒரு விக்கலோடு அது அடங்கிப்போயிற்று.

மடியில். அவள் முந்தானை விரித்து ஏந்தின அதே மடியில்.

பிள்ளையைப் புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பிவந்த சாயங்காலம், சரோஜம் முதல்தடவையாக வாயைத் திறந்தாள். அவள் அழவில்லை. அதுதான் பயமாயிருந்தது.

"உனக்கு மூணு தெருவும் உன்னைப் பெரிய ஆளுன்னு சொல்லணும். யாரோ ஒருத்திக்க ஒத்தை வோட்டுக்காக எனக்க பிள்ளையை ஏந்திக் குடுத்திட்டியேம்மா."

"மக்களே, அது..."

"இந்த மடிக்கு வரட்டும்னு சொன்னியே. நான் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். உனக்க மடியில யாரு கெடந்தா? எனக்க பிள்ளைதானே?"

மகள் சொன்னதைத்தான் சொர்ணம்மாளின் மனசும் வண்டியில் வரும்போதே சொல்லிவிட்டிருந்தது. வேலாயுதன் தடுத்தும் கேளாமல், மறுநாளே தம்பானூரில் பஸ் ஏறிப் போய்விட்டாள் சரோஜம். சொர்ணம்மாள் பின்னாலேயே போனாள். பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றாள். ஜன்னலில் ஒரு முகம் திரும்பும் என்று நின்றாள். பஸ் திரும்பிற்று, முகம் திரும்பவில்லை.

அதற்குப்பின் அவள் துணிமூட்டையோடு போகும் வீடுகளும் குறைந்தன. கைக்குழந்தை உள்ள வீடுகளை அவளாகவே ஒதுக்கினாள். வாசலில் தொட்டில் கண்டால் அடுத்த சந்துக்குத் திரும்பிவிடுவாள். மூன்று டின்களையும் பரணில் போட்டாள். சீதாலக்ஷ்மி டீச்சர் வந்து, "இதெல்லாம் மூடநம்பிக்கை சொர்ணம், உனக்கே தெரியும்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தெரியும் டீச்சர், என்றாள் அவளும். தெரிந்து என்ன? விடியற்காலையில் விழிப்பு வந்ததும், சிவகாமி அந்த ஒரு பிடி அரிசியைப் போட்ட பாரம் மடியில் கனக்கும்.

ஒரே ஒரு கேள்வியைச் சிவகாமியிடம் கேட்டிருந்தால் போதும்: அன்றைக்கு எந்தப் பெட்டியில் போட்டாய்? சாலையில் எதிரே வந்தால் சிவகாமிதான் முதலில் வேறு பக்கம் திரும்புவாள். கேள்வி சொர்ணம்மாளின் தொண்டைவரை வரும். நானே கேட்டாலும் சொல்லாதே என்று தன் குரலே உள்ளே கேட்கும். விழுங்கிவிடுவாள். கேட்டு, ஆமாம் அக்கா, ஏணிக்குப் போடவில்லை என்று அவள் சொல்லிவிட்டால்? அப்புறம் சந்தேகத்தின் நிழல்கூட ஒதுங்க இருக்காது.

அடுத்த வருஷம் தை மாதக் கடைசியில், ஒருநாள் பொழுது சாய்கிற நேரத்தில் சிவகாமியே வந்தாள். இடுப்பில் பிள்ளை இல்லை; அவன் இப்போது நடக்கிறான், அவளுடைய சேலையைப் பிடித்துக்கொண்டு தன் காலில் வந்திருந்தான். சொர்ணம்மாள் அவனைப் பார்த்தாள். காத்துக்கு ஆடுகிற திரி நின்று எரிகிறது, என்று எண்ணினாள். அந்த எண்ணத்தில் பொறாமை இருந்ததோ என்னவோ, உடனே எழுந்துபோய் அவன் கையில் ஒரு வெல்லக்கட்டியைக் கொடுத்தாள்.

"நேத்து உங்க மருமகப்பிள்ளை தோட்டத்துக்கு அரிசி எடுக்க மண்டிக்கு வந்திருந்தாரு" என்றாள் சிவகாமி. "எங்க வீட்டுக்காரர்கிட்ட ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாராம். சரோஜம் இங்கே வரமாட்டேங்காளாமே. உங்க பேச்சை எடுத்தாலே எழுந்து போயிருதாளாமே. காரணம் என்னன்னும் சொன்னாராம். எனக்கு அது தெரியாது அக்கா. சத்தியமாத் தெரியாது. பிள்ளை காய்ச்சல்ல போச்சுன்னுதான் நினைச்சேன்."

"காய்ச்சல்லதான் போச்சு."

"அக்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

சொர்ணம்மாளுக்குப் புரிந்துவிட்டது. கையைத் தூக்கி, "வேண்டாம் சிவகாமி. அதைச் சொல்லப்பிடாது" என்றாள். ஆனால் அதற்குள் அது வெளியே வந்துவிட்டது.

"நான் ஏணியிலதான் போட்டேன் அக்கா."

சிறுவன் வெல்லத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"திரைக்குப் பின்னால போய் நின்னேன். பெட்டி பெட்டியா இருந்தது. நீங்க சொன்னதெல்லாம் நினைப்பிருந்தது. மூத்த பிள்ளைக்க முகமும் நினைப்பிருந்தது. கை நீட்டினேன். அப்போ இவன் இருமுத சத்தம் வெளியேயிருந்து கேட்டுச்சு. அவ்வளவுதான், எனக்குக் கை வரல்ல. ஏணியில போட்டுட்டு ஓடிவந்துட்டேன். உங்க முகத்தைப் பாக்க வெக்கமாயிருந்தது. ஒரு வருஷமா ஒளிஞ்சு ஒளிஞ்சு நடந்தேன். சத்தியம் உடையவே இல்ல அக்கா. உங்க மடிக்கு ஒண்ணும் வரல்ல."

சொர்ணம்மாள் தரையில் உட்கார்ந்தாள். எத்தனையோ விடியற்காலைகளில் அவள் வேண்டிக்கொண்ட வார்த்தை இது. பாரம் இறங்கவேண்டும். இறங்கிற்று. ஆனால் இறங்கின இடத்தில் சுகமில்லை. வெறும் பள்ளம்தான் இருந்தது. பேரன் எதற்காகப் போனான் என்பதற்கு இதுவரை ஒரு காரணமாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. ஒரு பெண்ணாவது பயமில்லாமல் போட்டாள் என்பதற்காகத்தானே கொடுத்தோம் என்று நடுவில் என்றைக்காவது வரும் அந்தக் கசப்பான ஆறுதலும் இல்லை.

"நான் போனக்காட்டுக்குப் போறேன்" என்றாள் சிவகாமி. "சரோஜத்துக்க காலில விழுந்து சொல்லுதேன். நாளைக்கே பஸ் ஏறுதேன். அவ உங்ககிட்ட வந்திருவா அக்கா."

வந்துவிடுவாள். சொர்ணம்மாள் அதை ஒரு நொடி கண்ணாலேயே பார்த்தாள்: பஸ்ஸிலிருந்து இறங்கி, சந்துக்குள் நுழைந்து, வாசற்படியில் கால் வைக்கும் மகள். பிறகு, அந்த மகள் உள்ளே வந்து உட்கார்ந்தபின் என்ன நினைப்பாள் என்பதையும் பார்த்தாள்.

"போகப்பிடாது" என்றாள்.

"என்ன அக்கா சொல்லுதீங்க?"

"அமாவாசையன்னைக்கு மழையில பிள்ளையைக் கொண்டுபோனது யாருன்னு தெரியுமா உனக்கு?"

"யாரு அக்கா?"

"நான் வேண்டாம்னேன். சரோஜம் கேக்காமக் கொண்டுபோனா. திரும்பி வந்து தலை துவட்டும்போது எங்கிட்ட, அம்மா இவனுக்கு உடம்பு ஜில்லுன்னு இருக்குன்னு சொன்னா. அதுக்கப்புறம் அதைப்பத்தி ஒரு வார்த்தை அவ பேசல்ல. எனக்க சத்தியத்தைப் பத்தியே பேசினா. இப்போ நீ போய் அதை எடுத்திட்டேன்னு வச்சுக்கோ, அவளுக்கு மிச்சம் என்ன இருக்கும்? அந்த மழைதான் இருக்கும். இப்போ ஏசதுக்கு அவளுக்கு ஒரு அம்மை இருக்கா. அதையும் நீ பறிச்சிட்டா, அவ யாரை ஏசுவா சிவகாமி? தன்னைத்தானே?"

"அதுக்காக நீங்க..."

"நான் தாங்கிக்கிடுவேன். மூட்டை சுமந்த தலைதானே."

சிவகாமி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சிறுவன் பயந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டான். சொர்ணம்மாள் எழுந்து, அவள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்றாள். பிறகு, வீடு வீடாக டின்களை வைத்துக்கொண்டு பேசும்போது இருந்த பழைய குரலில் சொன்னாள்:

"யாருக்குப் போட்டோம்னு வெளியே சொல்லப்பிடாதுன்னு அன்னைக்கே சொன்னேன். எங்கிட்டயே சொல்லாதேன்னேன். நீ சொல்லிட்டே. போகட்டும். இனி யார்கிட்டயும் சொல்லாதே. உனக்க புருஷன்கிட்டயும் வேண்டாம். எனக்க மருமகன்கிட்டயும் வேண்டாம்."

"சரி அக்கா."

"சத்தியம் பண்ணவேண்டாம். சும்மா சரின்னு சொன்னாப் போதும்."

சிவகாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்தாள். படியிறங்கியவள் நின்றாள்.

"அடுத்த தடவை வோட்டு வந்தா, என்னைக் கூப்பிட வருவியளா அக்கா? அப்போ நான் பயப்படமாட்டேன்."

சொர்ணம்மாள் பரணைப் பார்த்தாள். அங்கே, டின்களில் ஒன்றுக்குள் இன்னும் புளியங்கொட்டைகள் இருக்கும். யாராவது எடுத்தால் கிலுகிலுக்கும்.

"இருட்டுது. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் பதனமாப் போ" என்றாள்.

தாயும் பிள்ளையும் சந்தின் திருப்பத்தில் மறையும்வரை வாசலில் நின்றாள். பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள்.